அங்கன ஓடுமா அக்கா?

மக்கா, போன வாரம் நம்ம கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆளுக குரூப்ல, புதுசா வேலைக்கு வந்த புள்ள ஒண்ணு ஒரு கேள்வி கேட்டிருந்தா. வீட்டு கம்ப்யூட்டருக்குள்ள மாட்டுற டிவிடி ரைட்டர் வேணும்னு ஒரு கஸ்டமர் வந்து நிக்காரு, எதை வச்சு நல்லது கெட்டது பாக்க, அக்காமாரு அண்ணன்மாரு சொல்லுங்கன்னு. பாவம், ஒழுங்காத்தான் கேட்டிருந்தா. நீங்க என்ன செஞ்சீங்க? கெக்கெக்கேன்னு சிரிச்சு வச்சீங்க. ஒருத்தன், அப்படியே ஃப்ளாப்பி டிரைவும் ரெண்டு வாங்கிப் போடுன்னு எழுதியிருந்தான். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துட்டு.

நான் சங்கரன்கோவில்ல இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல இந்த வேலை பாத்தவ. ஸ்குரூ தலை கண்ணுக்குத் தெரியாமப் போனதும் விட்டுட்டு வீட்ல இருக்கேன். அந்தப் புள்ளைக்கு நாலு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா அந்த நாலு வரி எனக்கே போன வருசம்தான் புரிஞ்சுது. அதனால நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். சிரிச்சவங்களும் கேளுங்க.

அந்தக் காலத்துல இந்தச் சுத்து வட்டாரத்துல கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கழட்டுற பொம்பளை நான் ஒருத்திதான். எங்க கடைக்காரரு என்னை வேலைக்கு எடுத்ததே கடையநல்லூரை மனசுல வச்சுத்தான். அங்க பாதி வீட்டு ஆம்பளைங்க வெளிநாட்ல. கம்ப்யூட்டர் ரிப்பேர்னு ஒரு ஆம்பளைப் பையன் போனா, சொந்தக்கார ஆம்பளை யாராவது வந்து கூட நிக்குற வரைக்கும் வாசல்லயே காத்துக் கெடக்கணும். நான் போனா நேரா உள்ளறை வரைக்கும் போகலாம், போன கையோட பசியாறச் சொல்லுவாங்க. "கம்ப்யூட்டர் அக்கா வந்துட்டாக"ன்னு தெருவே சொல்லும். எனக்கு அதுல கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அப்படிப் போற வீட்ல ஒண்ணுதான் ரஹ்மத்து வீடு. அப்ப அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூணு வயசு இருக்கும். புருசன் சுலைமான் வளைகுடாவுல கட்டடங்கள்ல ஏசி மாட்டுறவரு. வீட்ல அவளும் மாமியாரும்தான். அவரு போகும்போது இவ ஏழு மாசம். புள்ளை பொறந்து மொகத்தை அவரு போட்டோவுலதான் பாத்தாரு. வீட்ல ஒரு கம்ப்யூட்டரும் சின்ன வீடியோ கேமராவும் வாங்கிப் போட்டுட்டு, புள்ளை வளர்றதைப் படம் எடுத்து அனுப்புன்னு சொல்லியிருந்தாரு. நெட்டு அப்ப நத்தை மாதிரி. ஒரு வீடியோவை அனுப்பி முடிக்கதுக்குள்ள புள்ளைக்கு அடுத்த பல்லு மொளைச்சிரும். அதனால டிஸ்க்ல எழுதி, ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போற ஆளுக கையில ஊறுகாய், முறுக்கோட குடுத்து விடுறதுன்னு ஏற்பாடு.

ரைட்டர் மாட்டித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டா. கடையில அப்ப மூணு டிரைவ் இருந்துச்சு. எது நல்லதுன்னு பாக்க நான் ஒரு பெரிய பரிசோதனை நடத்தினேன். மூணையும் ஒவ்வொண்ணா மாட்டி, ஒரே வீடியோவை மூணு டிஸ்க்ல எழுதினேன். கையில கடிகாரம். ஒண்ணு இருக்கதுலயே மந்தம், அழுதுக்கிட்டே எழுதுச்சு. இன்னொண்ணு சுமார். மூணாவது பறந்துச்சு. பக்கத்துல வச்ச டீ ஆறதுக்குள்ள டிஸ்க்கை வெளிய தள்ளிட்டு. எழுதினதைச் சரி பாக்க ஒரு பட்டன் உண்டுல்ல, அதையும் அமுக்கினேன். எல்லாம் சரின்னு பச்சையில காட்டுச்சு. வேற என்ன வேணும்? பறந்ததை ரஹ்மத்துக்கு மாட்டினேன். எப்பவும் முழு வேகத்துல எழுதுற மாதிரி அமைச்சும் குடுத்தேன். மந்தமா எழுதினதை எந்தக் கஸ்டமர் தலையிலயும் கட்ட மனசு வராம என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கிட்டேன்.

மாட்டி முடிச்சு, புள்ளை குப்புற விழுந்து தலையைத் தூக்குற வீடியோவை எழுதி, அதே மெஷின்ல போட்டுக் காட்டினேன். ரஹ்மத்து மொகம் பூரிச்சுப் போச்சு. பொறகு டிஸ்க்கை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டா.

"அக்கா, இங்கன ஓடுது. அங்கன, அவுக மெஷின்ல ஓடுமா அக்கா?"

எனக்குச் சுருக்குன்னு ஏறிட்டு. காலையில இருந்து மூணு டிரைவைக் கழட்டி மாட்டி ஆராய்ச்சி பண்ணிட்டு வந்தவகிட்ட, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணத் தெரியாதவ கேக்குற கேள்வியான்னு. "எல்லாம் ஓடும். சரி பாத்தாச்சுன்னு காட்டுதுல்ல? படிச்சவ சொல்லுதேன், நம்ப மாட்டியாட்டி?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ பயந்துட்டா. "இல்லக்கா, சும்மாதான் கேட்டேன்"னு வாயை மூடிக்கிட்டா.

அவ சும்மா கேட்கலை மக்கா. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எழுதுறதுக்கு அவளுக்கே பழக்கி விட்டுட்டு வந்தேன். நாலு வருசத்துல அவ எழுதி ஒம்பது டிஸ்க் போச்சு. இடையில எப்ப போனாலும் நானே கேப்பேன், "என்ன சொல்லுதாரு ஒங்க மாப்பிள்ளை?" "பாத்தேன், நல்லா இருக்குன்னாக அக்கா"ன்னு சொல்லுவா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டா. நாலாவது வருசம் சித்திரையில ஒரு இடி. அவ வீட்டு லைன்ல இறங்கி ஹார்ட் டிஸ்க்கு, ரைட்டர் எல்லாத்தையும் கருக்கிட்டு. புதுசா மாட்டிக் குடுத்துட்டு நான் என்ன சொன்னேன்னா, "வீடியோ போச்சேன்னு கலங்காத. எல்லாம் மாப்பிள்ளை கையில பத்திரமா இருக்கு." ரஹ்மத்து "ம்"னா. அந்த "ம்" எனக்கு அப்ப ஒரு மாதிரியாத்தான் பட்டுச்சு. வேலை அவசரத்துல விட்டுட்டேன்.

இது நடந்து பதினஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. போன வருசம், ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்ச வாரம், ஒரு முற்பகல்ல என் வீட்டு வாசல்ல ஒரு ஆளு வந்து நின்னாரு. தாடி நரைச்சிருந்துச்சு, கையில ஒரு துணிப்பை. "அக்கா, நான் கடையநல்லூர் சுலைமான், ரஹ்மத்து வீட்டுக்காரன்"னாரு. வேலையை முடிச்சுக்கிட்டு ஒரேயடியா ஊரோட வந்துட்டாராம். உக்காரச் சொன்னேன். உக்காரலை. பையில இருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில வச்சாரு. திறந்தா ஒம்பது டிஸ்க். ஒவ்வொண்ணும் ஒரு கைக்குட்டையில சுத்தி.

"ரஹ்மத்துக்குத் தெரியாம வந்திருக்கேன் அக்கா. இதைப் படிக்கிற மாதிரி ஒரு டிவிடி டிரைவ், எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள மாட்டணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"நீங்க பாத்த டிஸ்க்குதான தம்பி? எதுல வேணாலும் ஓடுமே"ன்னேன்.

அவரு தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "நான் ஒண்ணுகூடப் பாக்கல அக்கா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்கார வச்சேன். அவரே சொன்னாரு. முதல் டிஸ்க் வந்தப்ப ரூம்ல இருந்த எட்டுப் பேரும் வட்டமா உக்காந்திருக்காங்க. பிளேயர்ல போட்டா, டிஸ்க் இல்லைன்னு காட்டுது. ஒரு கூட்டாளியோட லேப்டாப்புல போட்டா கிர்கிர்னு சுத்திட்டு வெளிய தள்ளுது. வெள்ளிக்கிழமை போன்ல ரஹ்மத்து, "மச்சான், புள்ளை தலையைத் தூக்குனத பாத்தீகளா?"ன்னு அம்புட்டு ஆசையா கேக்கா. இல்லைன்னு சொல்ல நாக்கு வரலை. பாத்தேன்னுட்டாரு. ரெண்டாவது டிஸ்க்ல புள்ளை நடந்துச்சு. அதையும் பாத்தேன்னாரு. அதுக்குப் பொறகு எந்த மொகத்தை வச்சுக்கிட்டு மாத்திச் சொல்ல? லீவுல ஊருக்கு வரும்போதெல்லாம், டிஸ்க்கு ரூம்ல பத்திரமா இருக்குன்னு சொல்லிச் சமாளிச்சிருக்காரு.

"இப்ப மக காலேஜ் போறா அக்கா. 'வாப்பா, என் சின்ன வயசு வீடியோ எல்லாம் ஒங்ககிட்டதான இருக்காம், ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பாப்போம்'னு நிக்கா. ஓடலைன்னா, இத்தனை வருசம் நான் சொன்னது பூரா பொய்னு ரஹ்மத்துக்குத் தெரிஞ்சிரும். அது போகட்டும். என் புள்ளையோட முத நாலு வருசம் இதுக்குள்ள இருக்கு. நான் பாக்கணும் அக்கா."

சொல்லிட்டு அந்த மனுசன் கண்ணைத் துடைச்சாரு. என்ன நடந்திருக்கும்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஒரு டிரைவ் எழுதினதை அதே டிரைவ்ல சரி பாத்தா, அது சரின்னுதான் சொல்லும். தான் கோணலா எழுதினதைத் தானே கோணலாப் படிச்சுக்கும். அடுத்தவன் படிக்க முடியுதான்னு பாக்கதுதான் சோதனை. நான் கடிகாரத்தைப் பாத்தேன், அதைப் பாக்கல. பறக்குற வேகத்துல மங்கலா எழுதி, எழுதினவனைத் தவிர வேற யாராலயும் படிக்க முடியாத ஒம்பது டிஸ்க்கை அந்தப் பொண்ணு தலையில கட்டியிருக்கேன். அதைப் படிக்கக்கூடிய ஒரே டிரைவ் இடியில கருகி, நானே கழட்டித் தூரப் போட்டாச்சு.

"தப்பு என் மேல தம்பி"ன்னு சொன்னேன். அவருக்குப் புரியலை. "நீங்க என்னக்கா பண்ணீங்க?"ன்னாரு.

நான் பழைய கடைக்குப் போன் போட்டு, கெடக்க டிரைவையெல்லாம் குடுத்து விடச் சொன்னேன். புதுசு ரெண்டு, பழசு மூணு வந்துச்சு. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தோம். புதுசு ரெண்டும் டிஸ்க்கைத் திரும்பிக்கூடப் பாக்கல. பழசுல ஒண்ணு மட்டும் பேரைக் காட்டிட்டு நின்னு போச்சு. சுலைமானுக்குப் பொறுக்கலை. "பல்லு பேஸ்ட் போட்டுத் தேச்சா படிக்கும்கிறாங்களே அக்கா"ன்னு கையை நீட்டினாரு. "தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்"னு சத்தம் போட்டேன். கீறல் விழுந்த டிஸ்க் இல்லை அது. கைக்குட்டையில சுத்தி வச்ச டிஸ்க். எழுத்தே மங்கல், அதுல போய் எதைத் தேய்க்க? மக்கா, கஸ்டமர் அழுதுக்கிட்டு நிக்கும்போது ஏதாவது ஒண்ணைச் செய்யணும்னு கை பரபரக்கும். அப்ப கையைக் கட்டிக்கிட்டு நிக்கத் தெரியணும்.

அஞ்சும் தோத்துப் போச்சு. அவரு டப்பாவை மூட ஆரம்பிச்சாரு. அப்பத்தான் என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துச்சு. கட்டிலுக்கு அடியில, சாக்கைச் சுத்திக் கெடந்துச்சு. அதுக்குள்ள அந்த மந்தம், மூணுல கடைசியா வந்தது, நான் வேண்டாம்னு தள்ளினது.

எடுத்து வச்சா மேசை அதிருது. எங்க தெரு பூரா விசைத்தறி. தறி ஓடினா டம்ளர்ல தண்ணி ஆடும், கரண்டும் ஏறி இறங்கும். இம்புட்டு மங்கலான எழுத்தை இந்த ஆட்டத்துல படிக்கச் சொன்னா அது எங்க படிக்கும்? "சாப்பாட்டு நேரத்துக்குத் தறியை நிப்பாட்டுவாங்க. அது வரைக்கும் பொறுங்க"ன்னேன். முக்கால் மணி நேரம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தோம்.

ஒண்ணொண்ணா தறி நின்னுச்சு. தெரு அமைதியாச்சு. நாலாவது டிஸ்க்தான் மேல இருந்துச்சு, அதைப் போட்டேன். டிரைவ் மெதுவா மொனங்குச்சு. நின்னுச்சு. மறுபடி சுத்துச்சு. பொறகு திரையில ஒரு ஃபைல் பேரு வந்துச்சு. அதோட அளவும் வந்துச்சு.

"ஓட்டுங்க அக்கா!"ன்னு கத்திட்டாரு.

"ஓட்ட மாட்டேன். முதல்ல காப்பி. ஒரு தடவைதான் படிக்கும்னா, அந்த ஒரு தடவையைப் பாத்துத் தீக்கக் கூடாது." அவரு கெஞ்சினாரு. நான் அசையலை. அந்த மந்தம் ஒவ்வொரு துளியா எடுத்துச்சு. தட்டுப்பட்ட இடத்துல நின்னு, வேகத்தைக் குறைச்சு, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி எடுத்துச்சு. பறந்து போன டிரைவையும் இதையும் நெனச்சுப் பாத்தேன். என்ன ஒரு பொறுமை! யோசிங்க மக்கா, பதினஞ்சு வருசத்துக்கு மேல முந்தி, ஒரு சின்ன வெளிச்சம் ஒரு தகட்டுல சுட்டு வச்ச புள்ளிங்க. கண்ணுக்கே தெரியாது. அதை இன்னொரு வெளிச்சம் தொட்டுத் தடவிக் கண்டுபிடிக்குது. தினமும் அதை வச்சே சோறு தின்னவ நான், அன்னைக்குத்தான் அதைப் பாத்து எனக்குப் புல்லரிச்சுது.

காப்பி முடிஞ்சதும் ஓட்டினேன். ஒரு குட்டிப் புள்ளை, பாவாடையை மடிச்சுக்கிட்டு, முற்றத்துல கொடுக்காப்புளி பொறுக்குது. ஒண்ணை வாயில போட்டு மொகத்தைச் சுளிக்குது. சுலைமான் திரைக்குப் பக்கத்துல போய் நின்னுட்டாரு. "என் மவளே"ன்னாரு.

கடைசியில கேமரா திரும்புச்சு. ரஹ்மத்து மொகம். குரலைத் தாழ்த்திப் பேசுதா.

"மச்சான், நீங்க டிஸ்க்கைப் பாக்கீகளா பாக்கலியான்னே எனக்கு வெளங்கல. போன தடவை, புள்ளை என்ன கலர் சட்டை போட்டிருந்துச்சுன்னு கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சுன்னீக. அதான் கேக்கேன். இதைப் பாத்தீகன்னா, வர்ற வெள்ளிக்கிழமை போன்ல 'கொடுக்காப்புளி'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மாமி பக்கத்துலயே இருப்பாக, அவுகளுக்கு ஒண்ணும் வெளங்காது. எனக்குத் தெரிஞ்சா போதும்."

அப்படியே நின்னு போச்சு படம்.

நான் கடிகாரத்தை வச்சு நடத்தினேனே ஒரு பரிசோதனை, அதை விடுங்க. இதுதான் பரிசோதனை. எழுதின இடத்துல பாக்கலை, போய்ச் சேர்ற இடத்துல பாத்திருக்கா. ஒரே ஒரு வார்த்தை திரும்பி வரணும். வரலை. அவரு பாக்கலைன்னு அந்த வெள்ளிக்கிழமையே ரஹ்மத்துக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா டிஸ்க் ஓடலியா, இல்ல மச்சான் போட்டே பாக்கலியான்னு அவளால பிரிச்சுச் சொல்ல முடியலை. அதைப் பிரிச்சுச் சொல்லியிருக்க வேண்டியவ நான். எங்கிட்ட எப்படிக் கேப்பா? முத நாளே கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவளாச்சே.

தறி மறுபடி ஓடுறதுக்குள்ள இன்னொண்ணு, மறுநாள் சாப்பாட்டு நேரத்துல மூணு, அதுக்கு அடுத்த நாள் மிச்சம்னு எல்லாத்தையும் போட்டுப் பாத்தோம். ஏழு வந்துச்சு. ரெண்டு வரலை. புள்ளை நடந்த டிஸ்க், அந்த ரெண்டாவது, எத்தனை தரம் போட்டும் வரலை. அஞ்சாவதுல இருந்து ரஹ்மத்து குரல் இல்லை. புள்ளையை மட்டும் எடுத்திருக்கா. பதில் வராதுன்னு தெரிஞ்சும் எடுத்திருக்கா, எழுதியிருக்கா, ஊறுகாயோட குடுத்து விட்டிருக்கா.

கடைசி நாள், எல்லாக் காப்பியையும் குடுத்துட்டு, "அந்த மந்தத்தை ஒங்க கம்ப்யூட்டர்ல மாட்டித் தாரேன், ஒங்க பொய்யும் தப்பிச்சிரும்"னு கேலி பண்ணினேன். அவரு சிரிக்கலை. போனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாரு.

"ரஹ்மத்து."

"எங்கன இருக்கீக? மூணு நாளா எங்கயோ போறீக, சொல்ல மாட்டேங்கீக."

"கொடுக்காப்புளி"ன்னாரு.

லைன் போச்சோன்னு நான் எட்டிப் பாத்தேன். பொறகு ரொம்ப மெதுவா கேட்டா, "இப்பத்தான் ஓடிச்சா?"

"இப்பத்தான். அங்க ஒண்ணுகூட ஓடல ரஹ்மத்து. நான் சொன்னதெல்லாம் பொய்."

"நீங்க போட்டே பாக்கலியோன்னுல்லா இம்புட்டு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்"னு சொல்லிட்டு அவ ஓன்னு அழுதா. இவரும் அழுதாரு. அழுது முடிச்சு, மூக்கை உறிஞ்சிக்கிட்டே, "கம்ப்யூட்டர் அக்கா வீட்லயா இருக்கீக?"ன்னா.

"இருக்கேன்டி"ன்னேன்.

"அன்னைக்கே கேட்டேன்ல அக்கா, அங்கன ஓடுமான்னு."

இத்தனை வருச சர்வீஸ்ல எவன்கிட்டயும் தோத்ததா நான் ஒத்துக்கிட்டது இல்லை. "நீ கேட்டது சரி, நான் எரிஞ்சு விழுந்தது தப்பு. மன்னிச்சிரு ரஹ்மத்து"ன்னேன். "விடுங்கக்கா"ன்னா.

பொறகு அவருகிட்ட, முதல் தடவை கேக்குற மாதிரியே கேட்டா.

"மச்சான், புள்ளை நடந்தத பாத்தீகளா?"

அவரு என்னைப் பாத்தாரு. டப்பாவுல இருந்த அந்த ரெண்டாவது டிஸ்க்கைப் பாத்தாரு.

"இல்ல. அது வரல. பாக்கல."

"சரி, வீட்டுக்கு வாங்க. எப்படி நடந்துச்சுன்னு நான் நடந்து காட்டுதேன்."